ஜெபப் பட்டியலில் என் பிள்ளை

காரியாபட்டி
5-9-89

கர்த்தருக்குள் அன்பான ரூத் அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. கைப்பிள்ளை ஆஸ்டினுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண் அசந்தான். எழுத்து கோணலாக இருந்தால் அவன் என் மடியில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே மூன்று தடவை பேனாவை எடுத்தேன். ஒரு வரி ஓடவில்லை.

இன்று சந்தையில் பாலவனத்தம் கோட்டைச்சாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் மகள் நாகஜோதியும் என் ஏஞ்சலினும் உங்கள் போர்டிங்கில் ஒரே அறையில்தானே இருக்கிறார்கள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "என்ன தாயி, பிள்ளைக்கு இப்பத் தேவலையா?" என்றார்.

"எந்தப் பிள்ளைக்குண்ணே?"

"மூத்த பிள்ளைக்குத்தான். காலை ஜெபத்துல நின்னவ அப்பிடியே சரிஞ்சு விழுந்துட்டாளாம்ல? நாகு சொல்லுச்சு. அவளுக்குத்தான் இருதயக் கோளாறு இருக்கே, அது கூடிப்போச்சோன்னு நெனைச்சேன்."

காயைக் கடைக்காரியிடமே கொட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் ஏஞ்சலின் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "நான் சுகம். தம்பி சுகமா? கால் பரீட்சைக்குப் படிக்கிறேன்." அவ்வளவுதான். பிள்ளைகளின் கடிதங்களை நீங்கள் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறீர்கள். மதுரைக் கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் மூன்று வருஷம் படுத்தவர் நீங்கள். கீழே ஒரு வரி சேர்த்து எழுத உங்களுக்குக் கை வரவில்லையா?

ஏஞ்சலின் அப்பா காலை ஆறு மணி பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புகிறார். இன்னும் சொல்லவில்லை. இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். அதை எழுத இன்றைக்குத் தெம்பு இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இவாஞ்சலின்


சீயோன் லுத்தரன் உயர்நிலைப் பள்ளி
பெண்கள் போர்டிங், அருப்புக்கோட்டை
9-9-89

அன்புள்ள இவா,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். இதைத்தான் முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

விழுந்தது உண்மை. போன மாதம் 28ஆம் தேதி, திங்கட்கிழமை காலை ஜெபத்தில், பாட்டு முடிந்து நிற்கும்போது. இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். சமையல் சுப்பம்மாள் சீனித் தண்ணீர் கொடுத்தாள். உனக்கு எழுதாததற்குக் காரணம், உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா பயந்துருவாக டீச்சர், தம்பிக்குப் பால் வத்திரும்" என்று அழுததுதான். எழுதியிருக்க வேண்டும். என் தப்பு.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். நான் விளையாட்டு டீச்சர். ஒரு பிள்ளை நடக்கிற நடையிலேயே அதற்கு என்ன என்று தெரியும் என்று திமிராக இருப்பவள். உன் பிள்ளை நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறுகிறாள். வலது கை எப்போதும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் கால் ரெண்டும் உன் தம்பி ஜோயல் கால். பதினைந்து மாதமாக அந்தக் காலை மைதானத்து ஓரப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்திருக்கிறேன். இங்கே எந்தப் பிள்ளை எத்தனை செகண்டில் ஓடும் என்று அவளுக்கு மனப்பாடம்.

அடுத்த மாதக் கடைசியில் சபை கொண்டாடுகிற சீர்திருத்த நாள் நாடகத்திலும் அவளுக்குக் கட்டிலில் படுத்திருக்கிற நோயாளி வேஷம்தான். மிஷன் ஆஸ்பத்திரிக் கதை. திரை விலகும்போது படுத்திருப்பாள், மூடும்போதும் படுத்திருப்பாள். சும்மா படுத்துக் கிடப்பதற்கு ஒரு பிள்ளை இவ்வளவு ஒத்திகை பார்த்து நான் கண்டதில்லை.

போன வருஷம் சேர்க்கும்போது டாக்டர் சீட்டு கொண்டுவருகிறேன் என்றாய். இன்னும் வரவில்லை. காலாண்டுக்குள் அனுப்பு. எந்த டாக்டர் பார்த்தார், என்ன மருந்து என்று தெரியாமல் இருநூறு பிள்ளைகளுக்கு நடுவே இவளை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் இல்லை.

கணக்கில் 91. தமிழில் 78. அதுவும் உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

ரூத்


காரியாபட்டி
12-9-89

அன்பான ரூத் அக்கா,

டாக்டர் சீட்டு இல்லை. டாக்டரே இல்லை.

இதை நான்கு தாளில் நான்கு விதமாக எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் இப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏஞ்சலினுக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை. நான் எழுதியது பொய். போன வருஷம் ஜூன் மாதம் தலைமையாசிரியர் ஐயா அறையில் அந்தப் பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தார்கள். "உடல்நிலை பற்றிய குறிப்பு" என்று ஒரு கட்டம். எல்லாப் பெற்றோரும் "நலம்" என்று எழுதியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நீங்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடினார்கள். ஏஞ்சலின் என் சேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். குதிகாலைத் தூக்கி நின்றாள். எனக்கு ஜோயல் ஞாபகம் வந்துவிட்டது.

அவனும் இதே பள்ளிதானே அக்கா. ஓடி வாங்கிய கோப்பைகளை வைக்க அலமாரி போதவில்லை, பத்தாம் வகுப்பில் மூன்று தடவை தவறினான். அப்பா படுத்த படுக்கையானது அதற்கப்புறம்தான். இன்றைக்குப் பஞ்சு குடோனில் லோடு ஏற்றுகிறான். விளையாட்டு என்றாலே எங்கள் வீட்டில் அப்படி ஒரு பயம்.

"நலம்" என்று எழுதாமல், சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வு பலவீனம், ஓடக்கூடாது என்று எழுதிவிட்டேன். விலங்கியல் பட்டம் வாங்கிய கை அதுபாட்டுக்கு எழுதியது. ஐயா வாய்விட்டுப் படித்துவிட்டு, "படிச்ச தாய். எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க" என்றார். அங்கேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நானும் தலை குனிந்தேன்.

ஒரு மாதத்தில் வந்து மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது காலை ஜெபப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. "இருதய பலவீனமுள்ள எங்கள் சிறு சகோதரி ஏஞ்சலினுக்காக" என்று ஒரு பிள்ளை சொல்ல, இருநூறு பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். அதற்குமேல் எப்படிப் போய்ச் சொல்வது? நீங்களாவது சொல்லுங்கள், எந்த வாயால் சொல்வது?

இப்போது அவள் உண்மையாகவே விழுந்துவிட்டாள். நான் எழுதியதைக் கர்த்தர் அப்படியே எடுத்துக்கொண்டாரோ என்று இருக்கிறது. திட்டுங்கள். திட்டிவிட்டு, அவளை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இவா


சீயோன் லுத்தரன் உயர்நிலைப் பள்ளி
18-9-89

திருமதி இவாஞ்சலின் செல்வதுரை அவர்களுக்கு,

தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. தங்கள் மகள் செல்வி ஏஞ்சலின், ஏழாம் வகுப்பு, 16ஆம் தேதி சனிக்கிழமை மதுரையில் இருதய மருத்துவரிடம் காட்டப்பட்டாள். ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது. இருதயத்தில் எந்தக் குறையும் இல்லை. இரத்தம் குறைவு. இரும்புச் சத்து டானிக்கும் பூச்சி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். விழுந்த அன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஞானோபதேச வினாவிடையை மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை. மருத்துவச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

வார்டன்,
ரூத்

இதற்குமேல் வார்டனாக எழுத முடியவில்லை, இவா.

பஸ் காரியாபட்டி வழியாகத்தான் போனது. உங்கள் தெரு முனையில் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். உன் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் அவளிடம், "ஒனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக" என்றாள். நாம் எல்லாரும் சேர்ந்து அவளிடம் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ எழுதியதை அன்றைக்கு ஐயா வாய்விட்டுப் படித்தபோது ஜன்னல் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் தினமும் காலையில் இருநூறு பேர் அதை அவளுக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறோம். நானும்தான்.

ஊருக்குத் திரும்பி நாகஜோதியை உட்கார வைத்துக் கேட்டேன். ஏஞ்சலின் போன வருஷ கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கிக் கொடுத்த கலர்ப் பெட்டியை நாகஜோதிக்குக் கொடுத்துவிட்டாளாம். "நான் பத்தாவது வரைக்கும் இருக்க மாட்டேன், நீ வச்சுக்க" என்று சொல்லிக் கொடுத்தாளாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளை.

ஜோயலைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் தவறியதற்கு ஓடியது காரணமில்லை. கோப்பை வாங்குகிறான் என்று கணக்கு வாத்தியார் முதல் உங்கப்பா வரை எல்லாரும் அவன் நோட்டைத் திறந்து பார்க்காமல் விட்டதுதான் காரணம். அவனுக்குப் பிறகுதான் இங்கே ஒரு விதி போட்டோம். காலாண்டில் கணக்கில் தவறியவர் அரையாண்டு வரை மைதானத்தில் கால் வைக்க முடியாது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒன்று. டாக்டர் சீட்டைத் தலைமையாசிரியர் ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி அழுதுவிட்டார். ஜெபம் கேட்கப்பட்டது என்கிறார். சீர்திருத்த நாளில் சபையைக் கூட்டி ஸ்தோத்திர ஆராதனை வைத்து, பிள்ளையை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கப் போகிறாராம். உண்மையைச் சொல்ல வேண்டியவள் நீ. ஐயாவிடம் முதலில், அதற்குமுன் பிள்ளையிடம். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ரூத்


காரியாபட்டி
20-9-89

ரூத் அக்கா,

சீட்டு வந்தது. ஏஞ்சலின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்புறம், "இத எங்கிட்டயுமா மறைச்ச?" என்றார். அதோடு சரி.

அந்த ஆராதனையைப் பற்றி நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். பிள்ளை ஓடலாம், ஐயாவுக்குச் சந்தோஷம், எனக்கு மானம் போகாது. யாருக்கு என்ன நஷ்டம்? விடியும்போது அவள் மேடையில் நின்று, என் பொய்க்குத் தன் வாயால் சாட்சி சொல்வது போலத் தோன்றியது. ஞானோபதேசத்தில் 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்கிற எட்டாம் கற்பனையை அவள் மனப்பாடம் பண்ணியே மயங்கி விழுந்திருக்கிறாள்.

சனிக்கிழமை வருகிறேன். பெற்றோர் பார்க்கும் நாள் இல்லை என்று தெரியும், அனுமதி வாங்கி வையுங்கள். ஆஸ்டினையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். நான் வருவதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இவா


அருப்புக்கோட்டை
27-9-89

அன்புள்ள இவா,

நீ பஸ் ஏறிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காக இந்தக் கடிதம்.

சபைக் கோவில் படியில் நீயும் அவளும் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஆஸ்டினை நான் வைத்திருந்தேன், என் விசிலைக் கடித்தே பல் முளைத்திருக்கும் அவனுக்கு. நீ பேசிக்கொண்டே இருந்தாய். அவள் எழுந்து போய்விட்டாள். நீ கூப்பிட்டும் திரும்பவில்லை. அழுதுகொண்டே நீ ஐயா அறைக்குப் போனதையும் பார்த்தேன். பதிவேட்டில் நீ எழுதியதைப் பிறகு படித்தேன். "மேலே நான் எழுதியது உண்மையல்ல. என் மகள் நலம்." கையெழுத்து, தேதி. நன்றாக எழுதியிருக்கிறாய்.

ஏஞ்சலின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போர்டிங் மாடிப்படியில் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். நிற்காமல் ஏழெட்டு தடவை. சுப்பம்மாள் அடுப்படியிலிருந்து, "ஏ புள்ள, படி தேஞ்சு போயிரும், ஐயாதான் சிமிண்டு வாங்கணும்" என்று சத்தம் போட்டாள். இவள் மேல்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கழுத்தில் விரலை வைத்துத் தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பார்த்த பழக்கம். அப்புறம் என்னிடம் வந்து, "நூத்தி முப்பத்தாறு டீச்சர். இது சரியா?" என்றாள். சரி என்றேன். போய்விட்டாள்.

திங்கட்கிழமை பெரிய சண்டை. கலர்ப் பெட்டியைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

"குடுத்தா குடுத்ததுதான்" என்கிறாள் நாகஜோதி.

"நான் சாகலைன்னா குடுத்தது செல்லாது."

"அப்பச் செத்துட்டு வந்து கேளு."

இரண்டு பேரையும் பிரித்து, ஆளுக்கு ஆறு கலர் என்று பங்கு போட்டேன். சிவப்பு யாருக்கு என்பதில் இன்னும் பேச்சு இல்லை.

நாடகத்தில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கட்டிலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற நாலு பேரில் ஒருத்தியாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது படுப்பது நாகஜோதி. இவள் கட்டிலைச் சாய்த்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

ஐயாவைப் பற்றி நீ கேட்பாய். ஆராதனை இல்லை என்று சொல்லிவிட்டார். இன்று காலை ஜெபத்தில் தாமே நின்று, "நம்ம சகோதரி ஏஞ்சலினுக்கு இருதயம் நல்லா இருக்கு, முதல்லருந்தே நல்லாத்தான் இருந்திருக்கு. விசாரிக்காம விட்டது என் தப்பு" என்றார். பிறகு பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, "பிள்ளைகளை நினைச்சுப் பயப்படுற தாய்மாருக்காக" என்று எழுதச் சொன்னார். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இருநூறு பிள்ளைகளும் உன் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். கோபத்திலா, வேறு எதிலா, எனக்குத் தெரியவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு வருகிறாள். அவசரப்பட்டுக் கொஞ்சாதே. பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

ரூத்


காரியாபட்டி
7-11-89

அன்பான ரூத் அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். பயத்தில் இல்லை, இந்த முறை எழுத அவசரம் இல்லாததால்.

விடுமுறையில் வந்தவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொல்வாள். "ஆஸ்டின், எனக்கு இன்னொரு தோசை வேணும்னு சொல்லு." நானும் ஆஸ்டினிடமே, "அக்காவுக்குத் தோசை வருதுன்னு சொல்லுடா" என்பேன். அவன் நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பான்.

நாலாம் நாள் ஜோயல் வந்தான். விஷயத்தை அவனிடமும் நான்தான் சொன்னேன். அவனைக் காரணம் காட்டி நான் பொய் எழுதினேன் என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. அவன் கொஞ்ச நேரம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா. பிள்ளையக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். தண்ணீர் இல்லாத கண்மாய்தான், ஓடுவதற்கு நல்ல தரை. நான் பின்னாலேயே போய்க் கரையில் நின்றேன். கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று, என் கை.

"மருமகளே, நீ ஓடுற லச்சணத்துக்கு எருமை முந்திரும்" என்றான் ஜோயல்.

"எருமையக் கூட்டிட்டு வாங்க மாமா, பாப்போம்" என்றாள்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "ஏம்மா, நான் ராத்திரில முழிச்சு முழிச்சுப் பாப்பேன், அடிக்குதா அடிக்குதான்னு. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு என்னிடமே தோசை கேட்டாள்.

நேற்று அவள் கார்டு வந்தது. விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டரில் ஆறு பேரில் ஐந்தாவது என்று எழுதியிருக்கிறாள். ஆறாவது வந்தவளுக்குக் காய்ச்சலாம், அதையும் எழுதியிருக்கிறாள். கோடு தாண்டி விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டதாம். நாடகத்தில் கட்டிலைக் கீழே போடாமல் கொண்டுபோய் வைத்தார்களாம். கடைசியில், "கணக்கில் 93, அதனால் மைதானத்துக்குப் போகலாம் என்று ரூத் டீச்சர் சொன்னார்கள்" என்று எனக்கு ஒரு குத்து. அவர் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருக்கிறார், ஆபீசில் எல்லாருக்கும் காட்டுவார் போலிருக்கிறது. ஐந்தாவது இடத்துக்கு.

ஐயாவிடம் சொல்லுங்கள், பட்டியலில் அந்த வரியை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கட்டும். எனக்கு அது தேவைப்படுகிறது.

அக்கா, அவள் காயம் எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. கரிசல் மண் உள்ளே இருந்தால் சீழ் வைக்கும். டிஞ்சர் போட்டீர்களா, டி.டி. ஊசி போட்டாயிற்றா? நேரில் ஒரு தடவை முழங்காலைப் பார்த்துவிட்டு எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இவா